பள்ளத்தின் நடுநேரம்: மறைப்பு இரட்டைகளின் ஒளிவளைவை எடுப்பது எப்படி

அல்கோல் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். பொலிவெண் 2.1-இல் நிற்கும் விண்மீன் சுமார் ஐந்து மணி நேரத்தில் 3.4 வரை இறங்கும். அடுத்த ஐந்து மணி நேரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அடிமட்டத்தில் இருக்கும்போது வழக்கமான வெளிச்சத்தில் 30 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கும். இதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண் போதும். காது கேளாத, 18 வயதே ஆன ஜான் குட்ரிக் வெறுங்கண்ணால் பார்த்துத்தான் 1783-இல் அதன் சுற்றுக்காலத்தை அறிவித்தார். ஏதோ ஒரு பெரிய பொருள் குறுக்கே வந்து மறைக்கிறது என்ற விளக்கத்தையும் அவரே சொன்னார். அது சரிதான் என்று நிறமாலை வழியே உறுதியாக 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெளிச்சம் கூடிக் குறையும் மாறும் விண்மீன்களைப் பார்க்கத் தொடங்கும் பலரும் பொலிவைத் துல்லியமாக அளப்பதில்தான் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைத்துக்கொள்ளும் மறைப்பு இரட்டைகளைப் பொறுத்தவரை அங்கே கிடைப்பதை விட நேரத்தில் கிடைப்பதுதான் அதிகம். நேரப்படி பொலிவை வரைந்தால் வரும் ஒளிவளைவில், மங்கும் பள்ளத்தின் நடுப்புள்ளி எந்த நொடியில் விழுந்தது என்பதைத்தான் நாம் அறுவடை செய்கிறோம். உங்கள் பொலிவெண் எல்லாம் ஒரே அளவாக 0.05 கூடியிருந்தாலும் பள்ளத்தின் நடு இடம் மாறாது. கடிகாரம் ஐந்து நிமிடம் பிசகியிருந்தால் அந்த இரவின் உழைப்பு முழுவதும் பொய்யாகிவிடும். இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

பொலிவெண் அளவுகோலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு, 1 எண் என்றால் 2.512 மடங்கு. 1856-இல் நார்மன் போக்சன் முன்வைத்த இந்த விகிதம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

முதலில் வெறுங்கண்

கேமரா கையில் இருந்தாலும் முதல் மூன்று நான்கு மறைப்புகளைக் கண்ணாலேயே எடுங்கள். அதில் கிடைக்கும் புரிதலை எந்த மென்பொருளும் தராது.

மறைக்கப்படும் விண்மீனின் இருபுறமும், அதைவிடச் சற்றுப் பிரகாசமாக ஒன்று, சற்று மங்கலாக ஒன்று என இரண்டு ஒப்பு விண்மீன்களைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. அல்கோலுக்கு மேல்நிலையில் ஆல்மாக் (காமா ஆண்ட்ரோமெடே, 2.1), இடையில் டெல்டா பெர்சி (3.0), கீழே ஆல்ஃபா டிரையாங்குலி (3.4), காப்பா பெர்சி (3.8). ஆல்மாக்குக்கும் டெல்டா பெர்சிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அல்கோல் மூன்றில் இரண்டு பங்கு கீழே இறங்கியிருப்பதாகத் தெரிந்தால், 0.9-இல் மூன்றில் இரண்டு 0.6, ஆகவே பொலிவெண் 2.7. கணக்கு இவ்வளவுதான். பழகிய கண்ணுக்கு 0.1 வரை பிடிபடும்.

அல்கோலுக்குப் பக்கத்திலேயே ரோ பெர்சி இருக்கிறது. பார்த்ததும் ஒப்பிடத் தோன்றும் இடத்தில், தோதான வெளிச்சத்தோடு நிற்கும். அதைத் தொடாதீர்கள். அதுவே 3.3-க்கும் 4.0-க்கும் இடையே ஆடும் மாறும் விண்மீன். புதிதாகத் தொடங்குபவர்களின் அல்கோல் ஒளிவளைவு விளங்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு மாறும் விண்மீனான டெல்டா செபீயைப் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை: பக்கத்தில் உள்ள ஸீட்டா செபீ (3.4), எப்சிலான் செபீ (4.2) இரண்டும் நல்ல ஒப்பு விண்மீன்கள், சிவந்து நிற்கும் மியூ செபீ ஆகாது.

கண் செய்யும் பிழைகளில் மூன்று பெரியவை. இரண்டு விண்மீன்களை ஒப்பிடும்போது அவை மேலும் கீழுமாக இருந்தால், இருக்கும் இடத்தைப் பொறுத்தே ஒன்று கூடுதலாக மின்னுவதுபோலத் தோன்றும். தலையைச் சாய்த்து, இரண்டையும் இணைக்கும் கோடு உங்கள் இரு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசமாகிக்கொண்டே போகும். ஆகையால் சட்டென்று ஒரு பார்வை, உடனே ஒப்பு விண்மீனுக்கு ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். மூன்றாவது பிழை மனத்தில் இருக்கிறது. பத்தேகாலுக்கு அடிமட்டம் என்று முன்கூட்டியே தெரிந்தால், கண் பத்தேகாலுக்கு அடிமட்டத்தைக் காட்டிவிடும். எந்த இரவு, எந்த மூன்று மணி நேரம் என்பது தெரிந்தால் போதும், நிமிடத்தைப் பார்க்காதீர்கள். முந்தைய மதிப்பீடுகள் எழுதிய தாளையும் திருப்பி வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் மிகக் குறையும் சிறுமத்துக்கு 2 மணி நேரம் முன்பு தொடங்கி 2 மணி நேரம் பின்பு வரை, 15 நிமிடத்துக்கு ஒரு மதிப்பீடு. மொத்தம் 17 புள்ளிகள் வரும். கிராப் தாளில் குறித்து, இறங்கு பக்கத்தையும் ஏறு பக்கத்தையும் ஒரே பொலிவெண்ணில் வெட்டும் கிடைக்கோடுகள் நான்கைந்து போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் நடுப்புள்ளியையும் குறித்துச் சராசரி எடுத்தால் அதுதான் சிறும நேரம். டிரேசிங் தாள் இருந்தால் இன்னும் எளிது: வளைவை நகலெடுத்து, தாளைப் புரட்டி, ஏறு பக்கமும் இறங்கு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை பக்கவாட்டில் நகர்த்துங்கள். கவனமாகச் செய்தால் 5 முதல் 10 நிமிடத் துல்லியம் கிடைக்கும். பத்து மணி நேரம் நீடிக்கும் நிகழ்வுக்கு, கருவி எதுவுமின்றி, இது அருமையான அளவு.

அடிமட்டத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போவதால் பயனில்லை. அங்கே வளைவு தட்டையாக இருக்கும். நேரம் ஒளிந்திருப்பது செங்குத்தான இரு பக்கங்களில்தான். ஒரு பக்கம் மேகத்தில் போய்விட்டால் அந்த இரவைச் சிறும நேரமாகக் கணக்கில் கொள்ள முடியாது.

எந்த இரவு என்பதைச் சுற்றுக்காலமே சொல்லிவிடும். அல்கோலின் மறைப்பு ஒன்று அதிகாலை 2 மணிக்கு நடந்தால், அடுத்தது மூன்றாம் இரவில் 10.49-க்கு, அதற்கடுத்தது மேலும் மூன்று இரவு கழித்து மாலை 7.38-க்கு. ஒவ்வொரு முறையும் 3 மணி 11 நிமிடம் முன்னால் வந்து, பிறகு பகலுக்குள் போய்விடும். ஏழு சுற்று என்பது 20 நாள் 1 மணி 43 நிமிடம். அதனால் நல்ல நேரத்தில் ஒன்று கிடைத்தால், இருபதாம் நாள் அதைவிடச் சற்றுத் தாமதமாக இன்னொன்று கிடைக்கும். டெல்டா லிப்ரே இன்னும் தோதானது. சுற்றுக்காலம் 2.327 நாள், மூன்று சுற்று என்பது ஏழு நாளுக்கு 26 நிமிடம் குறைவு. வாராவாரம் அதே கிழமையில், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னதாக, 4.9-இலிருந்து 5.9-க்கு இறங்கும்.

கேமராவுக்கு வரும்போது

டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவும் 85 முதல் 200 மி.மீ. லென்ஸும் இருந்தால் பொலிவெண் 8 வரை நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தோடு அளக்கலாம். சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பாக மட்டுமே எடுங்கள். ஜேபெக் வெளிச்சத்தைத் தன் விருப்பத்துக்கு வளைத்துவிடும். அதை அளந்து பயனில்லை. கேமராவுக்குள் இருக்கும் இரைச்சல் குறைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை போதும். அதற்கு மேல் போனால் பிரகாசமான விண்மீன்களின் பிக்சல்கள் நிறைந்து வழிந்துவிடும்.

ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுக் கலைக்க வேண்டும். அழகான படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். ஊசிமுனை போன்ற விண்மீன் இரண்டு மூன்று பிக்சலில் அடங்கிவிடும். வண்ணச் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு இரண்டுதான் பச்சை. அந்த முனை சிவப்புப் பிக்சலில் விழுந்தால் வெளிச்சம் குறைந்ததுபோலவும் பச்சையில் விழுந்தால் கூடியதுபோலவும் தெரியும். விண்மீன் குறைந்தது 8 முதல் 10 பிக்சல் அகல வட்டமாகப் பரவட்டும். அதற்கு மேல் கலைத்தால் பக்கத்து விண்மீனோடு கலந்துவிடும்.

உச்சப் பிக்சலைப் பார்த்துத்தான் எக்ஸ்போஷரை முடிவு செய்ய வேண்டும். 14 பிட் கேமராவின் உச்ச எண் 16,383. விண்மீனின் மிகப் பிரகாசமான பிக்சல் 11,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 16 பிட் வானியல் கேமராவில் 65,535-க்கு 40,000. மறைப்பின்போது மங்கியிருக்கும் விண்மீனுக்கு எக்ஸ்போஷரைச் சரிசெய்துவிட்டு, மறைப்பு விலகியதும் அது எல்லையைத் தாண்டிப்போவதைக் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்போது ஒளிவளைவின் தோள்பட்டை சீவிவிட்டதுபோலத் தட்டையாகிவிடும். அதைப் பார்த்து முழு மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒளி மாறாமல் இருக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு. ஒப்பு விண்மீன் மாறும் விண்மீனைவிடப் பிரகாசமாக இருந்தால் முதலில் அதுதான் வழியும். ஆகவே அதன் உச்சத்தையும் பாருங்கள்.

குறுகிய எக்ஸ்போஷர் என்றால் காற்றின் மினுமினுப்பு எண்களைச் சிதறடிக்கும். ஒரு நொடிப் படங்களை ஒவ்வொன்றாக அளந்தால் புள்ளிகள் மேகம்போல விரிந்து கிடக்கும். பத்துப் பதினைந்தைச் சேர்த்து, மொத்தம் ஒரு நிமிடமாவது வரும்படி சராசரி எடுங்கள். விண்மீனைத் தொடரும் மவுன்ட் இல்லாமல் வெறும் முக்காலியிலும் செய்யலாம், ஆனால் வானம் நகரும் வேகம் நினைவிருக்கட்டும். 4.3 மைக்ரான் பிக்சலும் 100 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு 8.9 வில்நொடி. வான நடுவரைக்கு அருகில் 10 நொடியில் 150 வில்நொடி, அதாவது 17 பிக்சல் நீளக் கோடு. முக்காலியில் மூன்று நொடிக்கு மேல் போக வேண்டாம்.

படங்களிலிருந்து பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து அளக்க வேண்டும். பச்சைச் சேனல் வானியலில் பச்சை-மஞ்சள் ஒளியை விடும் வி வடிகட்டிக்கு நெருக்கமானது; ஒன்றே அல்ல. அதனால் அறிக்கையில் வி என்று போடாமல், மூவண்ணப் பச்சைக்குரிய குறியீட்டைப் போடுவதுதான் நேர்மை. வண்ணம் கோத்து நிரப்பிய பிறகு வரும் படத்தை அளக்காதீர்கள். பக்கத்துப் பிக்சலின் எண்ணை மென்பொருள் கற்பனையாக நிரப்பியிருக்கும்.

லென்ஸை மூடி எடுக்கும் டார்க் படங்கள் அதே எக்ஸ்போஷரில், அதே வெப்பநிலையில் 20 அல்லது 30. சீரான வெளிச்சப் பரப்பை எடுக்கும் ஃபிளாட் படங்களில்தான் பலரும் சோம்பல்படுகிறார்கள், அடியும் வாங்குகிறார்கள். லென்ஸின் மூலையில் நடுவைவிட வெளிச்சம் குறைவு. தூசிப்புள்ளி வேறு நிழல் போடும். ஐந்து மணி நேரத்தில் விண்மீன்கள் சென்சாரில் மெல்ல நகரும்போது இந்த வித்தியாசம் ஒளிவளைவில் பொய்யான சரிவாகப் பதியும். ஜெர்மன் வகை மவுன்ட் நடுவானக் கோட்டைத் தாண்டியதும் தலைகீழாகப் புரட்டப்படும்போது வளைவில் படிக்கட்டுபோல ஒரு குதிப்பு வந்தால், ஃபிளாட் சரியில்லை என்று அர்த்தம். ஃபோகஸைத் தொடாமல், வெளிச்சம் நடுவளவில் இருக்க, 30 படமாவது எடுங்கள். ஃபோகஸை மாற்றிவிட்டால் பழைய ஃபிளாட் செல்லாது.

ஒப்பிடுதலும் சரிபார்த்தலும்

கேமராவில் எடுத்தாலும் அடிப்படை மாறவில்லை: ஒரே படத்தில் இருக்கும் ஒப்பு விண்மீனோடு மாறும் விண்மீனை ஒப்பிடுகிறோம். மெல்லிய மேகம் இரண்டையும் சமமாக மங்கவைக்கும் என்பதால் வித்தியாசம் தப்பிக்கும். ஆனால் 'சமமாக' என்பது படம் சிறியதாக இருந்தால்தான். பரந்த லென்ஸில், வானத்தில் தாழ்வாக இருக்கும்போது, 30 பாகை உயரத்தில் ஒன்றும் 25 பாகை உயரத்தில் இன்னொன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். முதலாவதன் ஒளி தலைக்கு நேர் மேலே உள்ளதுபோல 2 மடங்கு காற்றைக் கடக்கிறது, இரண்டாவது 2.37 மடங்கு. காற்று ஒரு மடங்குக்கு 0.25 பொலிவெண் உறிஞ்சினால், வித்தியாசம் 0.09. எதுவுமே மாறாத விண்மீன்கூட அந்த அளவுக்கு மாறியதாகத் தெரியும். இதைக் கணக்கில் சரிசெய்யலாம். 30 பாகைக்குக் கீழே போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஒப்பு விண்மீனின் நிறம் மாறும் விண்மீனின் நிறத்துக்கு அருகில் இருக்க வேண்டும். நீல விண்மீனைச் சிவப்பு விண்மீனோடு ஒப்பிட்டால், இரண்டும் இறங்க இறங்கக் காற்று நீலத்தை அதிகமாகத் தின்னும். வளைவு சாய்ந்துகொண்டே போகும். ஒன்றுக்குப் பதில் மூன்று முதல் ஐந்து ஒப்பு விண்மீன்களைச் சேர்த்து எடுப்பது நிலைப்பைத் தரும். இவற்றோடு சேராத தனி விண்மீன் ஒன்றைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மாறும் விண்மீன்போலவே அளந்து, அதன் ஒளிவளைவையும் வரையுங்கள். அது நேர்கோடாக இருந்தால்தான் உங்கள் பள்ளத்தை நம்பலாம். அந்தக் கோடு எவ்வளவு தடிமனாகச் சிதறியிருக்கிறதோ அதுவே உங்கள் உண்மையான பிழை அளவு. மென்பொருள் கணக்கிட்டுத் தரும் பிழை பெரும்பாலும் அதைவிடச் சிறிதாகத்தான் இருக்கும்.

மென்பொருளில் விண்மீனைச் சுற்றி வரையும் அளவிடும் வட்டத்தின் ஆரம், விண்மீன் உருவத்தின் பாதியுயர அகலத்தை (உச்ச வெளிச்சத்தில் பாதி இருக்கும் இடத்தின் அகலம்) போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். இரவு முழுவதும் ஒரே அளவு. வட்டத்துக்குள் இன்னொரு விண்மீன் புகுந்தால் பள்ளம் ஆழம் குறையும். சம வெளிச்சமுள்ள அண்டை ஒன்று உள்ளே வந்தால், பாதி வெளிச்சம் குறையும் மறைப்பு 0.75 ஆழத்துக்குப் பதில் 0.31 ஆழம்தான் காட்டும். நடுநேரம் அப்போதும் மாறாது என்பதைக் கவனியுங்கள். நேரம் அவ்வளவு உறுதியான அளவு.

கடிகாரம்

இதில்தான் அதிகம் கெடுகிறது. கேமராவின் கடிகாரம் வாரக்கணக்கில் நிமிடங்களாக விலகும். ஒவ்வொரு இரவும், தொடக்கத்திலும் முடிவிலும், இணைய நேரத்தோடு ஒத்திசைத்த திரையில் நொடி தெரியும் கடிகாரத்தை அதே கேமராவால் படமெடுங்கள். கோப்பில் பதிந்த நேரத்துக்கும் படத்தில் தெரியும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் திருத்தம். கணினி வழியாக எடுப்பவர்கள் அந்தக் கணினி இணைய நேரச் சேவையோடு அடிக்கடி ஒத்திசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோப்பில் பதிவது பெரும்பாலும் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம். நமக்கு வேண்டியது நடு நேரம். 60 நொடி எக்ஸ்போஷருக்கு 30 நொடி கூட்ட வேண்டும். பத்துப் படங்களைச் சேர்த்தால் அந்தத் தொகுப்பின் நடு நேரம். உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றும்போது தேதி மாறுவதைக் கவனியுங்கள். பிறகு ஜூலியன் நாள், அதாவது நாள்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும் முறை. அது நள்ளிரவில் அல்ல, உலகப் பொது நேரம் நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. 2000 ஜனவரி 1 நண்பகல் என்பது 2451545.0. அதே நாள் நள்ளிரவு 2451544.5. அந்த அரை நாளை விட்டவர்கள் ஏராளம்.

இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆண்டில் ஒரு சமயம் விண்மீன் பக்கமும் ஆறு மாதம் கழித்து எதிர்ப்பக்கமும் இருக்கிறோம். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரம் இரு பக்கமும் 8.3 நிமிடம் வரை விலகலை உண்டாக்கும். சூரியப் பாதைக்கு அருகில் உள்ள விண்மீன்களுக்கு இது முழுதாக வரும். அதன் துருவத்துக்கு அருகில் உள்ளவற்றுக்கு மிகக் குறைவு. ஆகவே நேரத்தைச் சூரிய மையத்துக்கு மாற்றி எழுத வேண்டும். சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு, சீரான நேர அளவில் மாற்றுவோரும் உண்டு. அந்தச் சீரான நேரம் இப்போது உலகப் பொது நேரத்தைவிட 69 நொடி முன்னால் ஓடுகிறது. எந்த வகை நேரம் என்று எழுதாத சிறும நேரம் அந்த அளவுக்கு ஐயத்துக்கு உரியது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், கேஐசி 9832227 நினைவுக்கு வரட்டும். ஒன்றையொன்று தொட்டபடி 11 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் இரட்டை. அதன் சுற்றுக்காலம் வேகமாகக் குறைந்துவருவதாகவும் 2022 வாக்கில் இரண்டும் மோதி ஒன்றாகி வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெடிக்கும் என்றும் 2017-இல் அறிவிப்பு வந்தது. 2018-இல் அது தவறு என்று தெரிந்தது. 2004-இல் வந்த கட்டுரை ஒன்றில் ஒரு மறைப்பின் நேரம் அச்சுப்பிழையால் சரியாக 12 மணி நேரம் தவறாக இருந்திருக்கிறது. சுற்றுக்காலம் 11 மணி என்பதால் 12 மணிப் பிழை வரைபடத்தில் ஒரு மணி நேர விலகலாகத்தான் தெரிந்தது, நம்பும்படியும் இருந்தது.

இப்படி மோதி இணைவது நடக்காத ஒன்றும் அல்ல. 2008-இல் வெடித்த வி1309 ஸ்கார்ப்பியை, வெடிப்புக்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகளில் தேடிப் பார்த்தபோது, 1.4 நாள் சுற்றுக்காலம் கொண்ட தொடு இரட்டையாக, காலம் குறுகிக்கொண்டே வந்தது தெரிந்தது. எவரோ எப்போதோ நேரத்தைச் சரியாகப் பதிந்து வைத்ததால் கிடைத்த அறிவு அது.

மடிப்பதும் சுற்றுக்காலமும்

பல இரவுகளின் புள்ளிகளை ஒரே சுற்றாக மடிக்க, ஒவ்வொரு நேரத்திலிருந்தும் ஒரு தொடக்கச் சிறும நேரத்தைக் கழித்து, சுற்றுக்காலத்தால் வகுங்கள். 1523.27 என்று வந்தால் 1523 என்பது சுற்று எண், 0.27 என்பது கட்டம். கட்டத்தைக் கிடையாகவும் பொலிவெண்ணைத் தலைகீழாகவும் வைத்து வரைந்தால் ஒளிவளைவு.

சுற்றுக்காலத்தைத் தேடித் தரும் மென்பொருள் தொடு இரட்டைகளுக்குப் பெரும்பாலும் பாதிக் காலத்தைத்தான் தரும். டபிள்யூ உர்சா மேஜோரிஸ் 8 மணி நேரத்தில் சுற்றுகிறது. இரண்டு பள்ளங்களும் ஏறத்தாழச் சம ஆழம். கணினிக்கு அது 4 மணி நேர அலையாகத் தெரியும். கிடைத்த காலத்தை இரட்டிப்பாக்கி மடித்துப் பாருங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு பள்ளங்களும் ஆழத்தில் சிறிதளவு வேறுபட்டால் இரட்டிப்பானதே சரி. இதே விண்மீனில் இன்னொரு சிக்கல்: அதன் மூன்று சுற்று ஒரு நாளைவிட 1.3 நிமிடம்தான் அதிகம். தினமும் ஒரே கடிகார நேரத்தில் பார்த்தால் ஒரே கட்டம்தான் கிடைக்கும். ஒரு மாதம் காத்திருந்தாலும் 40 நிமிடமே நகரும். நீண்ட இரவு ஒன்றில் 8 மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எடுப்பதுதான் வழி. நேர்மாறாக, ஆர்இசட் கேசியோப்பியே (1.195 நாள், 6.2 முதல் 7.7) சுமார் 5 மணி நேரத்தில் மறைப்பை முடித்துக்கொள்ளும். கேமராவோடு தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வளைவின் வடிவம் சொல்வதும் நிறைய. ஆழமான பள்ளம் பெரிய விண்மீன் மறையும்போது வருகிறது என்பது பரவலான தவறான எண்ணம். வட்டப் பாதையில் இரு மறைப்புகளிலும் மறைக்கப்படும் பரப்பு ஒன்றே. ஆழமான பள்ளம் சூடான விண்மீன் மறையும்போது வருவது. அல்கோலின் இரண்டாம் பள்ளம் 0.06 மட்டுமே, துணை விண்மீன் அவ்வளவு குளிர்ந்தது. பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தால் முழு மறைப்பு. யூ செபீயில் அது சுமார் 2 மணி நேரம் நீளும். பள்ளங்களுக்கு இடையே உள்ள பகுதியும் உருண்டையாக வளைந்திருந்தால், பீட்டா லைரேயைப் போல, விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்து முட்டை வடிவமாகியிருக்கின்றன. இரண்டு மேடுகளும் சமமாக இல்லாவிட்டால் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் இருக்கலாம். இரண்டாம் பள்ளம் கட்டம் 0.5-இல் விழாமல் தள்ளி விழுந்தால் பாதை நீள்வட்டம்.

சிறும நேரத்தைக் கணிக்க, 1956-இல் குவீ, வான் வோர்டன் இருவரும் தந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. டிரேசிங் தாளைப் புரட்டும் அதே வேலையை எண்களால் செய்கிறது. வளைவு சமச்சீராக இல்லாவிட்டால் கீழ்ப்பாதியை மட்டும் கொடுங்கள். அது தரும் பிழை அளவு நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். இரண்டு மூன்று மடங்காக்கி எழுதினால் தவறில்லை.

பிறகு, பார்த்த நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழியுங்கள். இதைச் சுற்று எண்ணுக்கு எதிராக வரைவதை ஓ-சி வரைபடம் என்கிறோம். சாய்ந்த நேர்கோடு வந்தால் சுற்றுக்காலம் தவறு. பரவளைவாக வந்தால் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பொருள் வழிவது வழக்கமான காரணம். பீட்டா லைரேயின் காலம் ஆண்டுக்கு 19 நொடி கூடிவருகிறது. அலையாக வந்தால் மூன்றாம் விண்மீன் ஒன்று இருக்கலாம். சிறு பிழையும் எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள்: 8 மணி நேர இரட்டையின் காலத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தவறு என்றால், பத்தாண்டில் ஏறத்தாழ 10,950 சுற்று, 18 நிமிட விலகல். அதனால்தான் வருடத்துக்கு ஒரே ஒரு நல்ல சிறும நேரம்கூட மதிப்புள்ளது.

விரிந்து சுருங்கித் துடிக்கும் விண்மீன்களில் வேலை வேறு. டெல்டா செபீ 5.37 நாளில் 3.5-க்கும் 4.4-க்கும் இடையே ஆடும். ஏற்றம் விறுவிறுப்பு, இறக்கம் நிதானம். இரவுக்கு ஒரு மதிப்பீடு போதும், ஆனால் மாதக்கணக்கில். மீரா சுமார் 332 நாள் எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒன்று போதுமானது. தினமும் பார்த்தால் நேற்றைய எண் மனத்தில் ஒட்டிக்கொண்டு இன்றைய எண்ணைக் கெடுக்கும். ஆர்ஆர் லைரேக்கு 13 மணி 36 நிமிடம். அங்கே மீண்டும் கேமராவும் கடிகாரமும்.

எப்சிலான் ஆரிகேவை 27 ஆண்டுக்கு ஒருமுறைதான் மறைக்கும் பொருள் கடக்கிறது. 2009 முதல் 2011 வரை ஒன்று முடிந்தது. அடுத்தது 2036-இல் தொடங்கும். அதன் வெளிச்சம் மறைப்புக்கு வெளியேயும் சற்று ஆடுகிறது என்பதால், இப்போதே மாதம் இருமுறை கண்ணால் மதிப்பிட்டு வைப்பவர்களின் எண்கள்தான் அன்றைக்கு அடித்தளமாகும்.

பதிவை ஏஏவிஎஸ்ஓ (மாறும் விண்மீன் நோக்கர்களின் அமெரிக்கச் சங்கம்) போன்ற பொதுத் தரவகத்தில் சேருங்கள். 1911 முதல் அங்கே சேர்ந்துவருகிறது. அவர்களின் வரைபடத்தில் 35 என்று இருந்தால் 3.5, புள்ளியை விண்மீன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அதைப் போடுவதில்லை. வரைபட எண், ஒப்பு விண்மீன்கள், சரிபார்ப்பு விண்மீன், வடிகட்டி, நேர வகை, பிழை அளவு ஆறும் இருக்க வேண்டும். விலகி நிற்கும் புள்ளியைக் காரணம் தெரியாமல் நீக்காதீர்கள். மேகம், விமானம், பனி படிந்த லென்ஸ் என்று காரணம் தெரிந்தால் நீக்கிவிட்டுக் குறிப்பில் எழுதுங்கள். ரா கோப்புகளையும், கடிகாரத்தைப் படமெடுத்த அந்த இரண்டு படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.